நெதர்லாந்தில் வேலை முடிந்து ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தால் வேலையின்மை உதவித்தொகையை எந்த நாட்டில் கேட்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நீங்கள் நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில் நான்கரை ஆண்டுகளாக மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்து வருகிறீர்கள். உங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. நிறுவனம் அதை நீட்டிக்கவில்லை. மனைவிக்கு ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் வேலை. பெரும்பாலான வார இறுதிகளில் நீங்கள் அங்கே போய்வருகிறீர்கள். இனி அங்கேயே குடியேறிவிடலாம் என்று எண்ணுகிறீர்கள். "வேலையின்மை உதவித்தொகையை ஜெர்மனியில் கேட்கலாமா, இல்லை நெதர்லாந்தில் கட்டிய காப்பீடு வீணாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: உதவித்தொகை தர வேண்டிய நாடு எது, நெதர்லாந்து தரும் தொகையை ஜெர்மனியில் இருந்துகொண்டு பெற முடியுமா, நெதர்லாந்தில் வேலை பார்த்த காலம் பிற்பாடு ஜெர்மனியில் கணக்கில் சேருமா. மூன்றுக்கும் வெவ்வேறு விதிகள் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் பலர் தமக்கு உரியதை இழக்கிறார்கள்.

நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி எல்லைப் பகுதியில் வேலை செய்பவர்களுக்குச் சமூகக் காப்பீடு குறித்து ஆலோசனை சொல்லும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். காப்பீட்டுச் சட்டத்தைப் பற்றி உறுதியோடு பேச முடியும். குடியேற்றச் சட்டம் என் துறையன்று. அது இந்தக் கேள்வியைத் தொடும் இடங்களை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். அந்தப் பகுதிக்கு ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் அனுமதி அட்டையைக் காட்டிப் பேசுவது அவசியம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்று பொதுவான வேலையின்மை உதவித்தொகை எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி, தன் நிதியிலிருந்து, தான் வகுத்த நிபந்தனைகளின்மேல் தருகிறது. ஒன்றியம் செய்திருப்பது அந்தச் சட்டங்களுக்கு இடையே யார் பொறுப்பு என்பதை ஒழுங்குபடுத்துவது மட்டுமே. 2010 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும் 883/2004 என்ற ஒழுங்குமுறையின் 61 முதல் 65 வரையிலான பிரிவுகள்தான் அதற்கு அடிப்படை. அவற்றின் மையமான விதி எளிமையானது: கடைசியாக எந்த நாட்டில் காப்பீட்டுக்கு உட்பட்டு வேலை செய்தீர்களோ அந்த நாடே பொறுப்பு. இப்போது எங்கே குடியிருக்க விரும்புகிறீர்கள் என்பதோ, வாழ்நாளில் எங்கே அதிக ஆண்டுகள் உழைத்தீர்கள் என்பதோ அதைத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் "கட்டிய காப்பீடு" என்று எழுதியிருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் வேலையின்மைக் காப்பீட்டுப் பங்களிப்பை முதலாளிதான் செலுத்துகிறார்; தொழிலாளியின் சம்பளத்திலிருந்து அதற்கென்று பிடிப்பதில்லை. ஜெர்மனியில் அது சம்பளத்தில் 2.6 சதவீதம், இருவரும் பாதிப் பாதி. ஆகவே உரிமை பிறப்பது நீங்கள் கட்டிய பணத்திலிருந்து அன்று, காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்த காலத்திலிருந்து. அந்தக் காலம் எல்லையைத் தாண்டிச் செல்லும். பணம் சேமிப்புக் கணக்கைப் போல உங்கள் பின்னால் வராது.

இதிலிருந்து முதல் உறுதியான முடிவு கிடைக்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் நேரே டுசல்டார்ஃப் போய், அங்கே ஒரு நாள்கூடக் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலை செய்யாமல், ஜெர்மன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆர்பைட்ஸ்லோஸன்கெல்ட் என்ற வேலையின்மை உதவித்தொகையைக் கேட்டால், பொது விதிப்படி மறுப்புக் கடிதம்தான் வரும். 61-ஆம் பிரிவு வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் கடைசிக் காப்பீட்டுக் காலம் விண்ணப்பிக்கும் நாட்டில் இருந்தால்தான் அந்தக் கூட்டல் நடக்கும். ஜெர்மன் சட்டம் கேட்பது கடந்த 30 மாதங்களில் 12 மாதக் காப்பீடு. உங்களிடம் நெதர்லாந்தில் அதைவிட மிக அதிகமாகவே இருந்தாலும், ஜெர்மனியில் ஒரு காப்பீட்டு நாளாவது இல்லாதவரை அது செயலுக்கு வராது. நான் பார்த்த தவறுகளில் மிகப் பரவலானது இதுதான். ஜெர்மனியில் மறுக்கப்பட்டுத் திரும்பிப் போவதற்குள் நெதர்லாந்தில் விண்ணப்பிக்க வேண்டிய காலமும் கடந்துவிடுகிறது.

எனவே, நீங்கள் நெதர்லாந்தில் குடியிருந்தவர் என்றே வைத்துக்கொண்டால், தொடங்க வேண்டிய இடம் அந்நாட்டின் காப்பீட்டு நிறுவனமான யூடபிள்யூவி. கடைசி 36 வாரங்களில் 26 வாரங்களிலாவது வேலை செய்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படை நிபந்தனை. ஒப்பந்தம் தானாக முடிந்து, நிறுவனம் நீட்டிக்க மறுத்திருப்பதால் வேலையிழப்புக்கு நீங்கள் காரணமல்ல. இது முக்கியம், ஏனெனில் தாமாக விலகியவர்களுக்கு அங்கே பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. முதல் இரண்டு மாதம் ஊதியத்தில் 75 சதவீதமும் அதன்பின் 70 சதவீதமும் தருவார்கள். அதற்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் எத்தனை மாதம் கிடைக்கும் என்பது வேலை பார்த்த ஆண்டுகளைப் பொறுத்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒரு மாதம் என்பது கணக்கு. நான்கரை ஆண்டு வேலைக்கு ஏறத்தாழ நான்கைந்து மாதம் என்று எதிர்பாருங்கள். சரியான எண்ணை முடிவுக் கடிதம்தான் சொல்லும். இந்தியாவில் வேலை பார்த்த ஆண்டுகளை இந்த ஒழுங்குமுறையின்படி கூட்ட இயலாது.

இந்தத் தொகையை ஜெர்மனிக்கு எடுத்துச் செல்வது 64-ஆம் பிரிவின் விஷயம். வேலையிழந்த பின் குறைந்தது நான்கு வாரம் நெதர்லாந்திலேயே வேலை தேடுபவராகப் பதிவு செய்து, அங்கு வேலைக்குக் கிடைக்கும் நிலையில் இருக்க வேண்டும். அதிகாரிகள் விரும்பினால் அதற்கு முன்பே போக அனுமதிக்கலாம். துணைவரோடு சேர்ந்து வாழக் குடிபெயர்வதைக் காரணமாகக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கேட்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. புறப்படுவதற்கு முன், தொகையை வேறு நாட்டில் இருந்துகொண்டு பெற அனுமதிக்கும் யூ2 என்ற ஆவணத்தைப் பெற்றுக்கொண்டு, ஏழு நாட்களுக்குள் டுசல்டார்ஃப் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த ஏழு நாளுக்குள் பதிந்தால் இடைப்பட்ட நாட்களுக்கும் தொகை உண்டு; தாமதித்தால் பதிந்த நாளிலிருந்துதான். பணத்தைத் தொடர்ந்து நெதர்லாந்தே நேரடியாக அனுப்பும். நீங்கள் உண்மையில் வேலை தேடுகிறீர்களா என்பதை ஜெர்மன் அலுவலகம் தன் விதிகளின்படி கண்காணிக்கும். இப்படி மூன்று மாதம் பெறலாம்.

அதை ஆறு மாதம்வரை நீட்டிக்க ஒழுங்குமுறையில் இடமிருக்கிறது என்று இணையத்தில் படித்துவிட்டுப் பலர் நம்பிக்கையோடு வருகிறார்கள். இடமிருப்பது உண்மை, அது நாட்டின் விருப்பம் என்பதும் உண்மை. நெதர்லாந்து கொள்கையளவில் நீட்டிப்பதில்லை. அங்கிருந்து ஸ்விட்சர்லாந்துக்குப் போன ஒருவர் தொடுத்த கிளைன் ஸ்கிப்ஹோர்ஸ்ட் வழக்கில், 2018 மார்ச் 21 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், மறுப்பு நியாயமற்ற விளைவைத் தராதவரை அப்படிப் பொதுவாக மறுப்பது சட்டத்துக்கு முரணன்று என்று தீர்ப்பளித்தது. ஆகவே மூன்று மாதத்தை வைத்தே திட்டமிடுங்கள். அந்தக் காலம் முடியும் நாளிலோ அதற்கு முன்போ நெதர்லாந்துக்குத் திரும்பாவிட்டால் மிச்சமிருக்கும் உரிமை முழுவதும் போய்விடும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை இது அவ்வளவு பெரிய ஆபத்தாக எனக்குத் தோன்றவில்லை: நான்கைந்து மாத உரிமையில் முதல் நான்கு வாரமும் பின்னர் மூன்று மாதமும் கழிந்தபின் இழப்பதற்கு மிச்சம் அதிகம் இருக்காது. இரண்டு ஆண்டு உரிமை வைத்திருக்கும் ஒருவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

இதுவரை எழுதியது அனைத்தும், நீங்கள் நெதர்லாந்தில் குடியிருந்தீர்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. உங்கள் கேள்வியில் என்னைத் தயங்க வைத்த வரி வார இறுதிகளைப் பற்றியது. ஒரு நாட்டில் குடியிருந்துகொண்டு மற்றொரு நாட்டில் வேலை செய்து, தினமும் அல்லது குறைந்தது வாரம் ஒருமுறை வீடு திரும்புபவரை ஒழுங்குமுறை எல்லைப்புறத் தொழிலாளி என்று கொள்கிறது. அவர் முழுமையாக வேலையிழந்தால் 65-ஆம் பிரிவின்படி பொது விதி தலைகீழாகிறது: வேலை செய்த நாடு அல்ல, குடியிருக்கும் நாடு உதவித்தொகை தரும், அதுவும் அவர் அங்கேயே காப்பீடு செய்யப்பட்டிருந்தவர் போலக் கருதி, வேலை செய்த நாட்டில் வாங்கிய ஊதியத்தை வைத்துக் கணக்கிட்டுத் தரும். அதற்கான செலவில் முதல் மூன்று மாதத்தை, நீண்டகாலம் வேலை செய்தவராயின் ஐந்து மாதத்தை, வேலை செய்த நாடு பின்னால் ஈடு செய்யும். அது அரசுகளுக்குள் நடக்கும் கணக்கு, உங்களைத் தொடாது. இதில் தொழிலாளிக்கு விருப்பத் தேர்வு இல்லை. முன்பு, வேலை செய்த நாட்டோடு நெருங்கிய பிணைப்பு உள்ளவர்கள் அங்கேயே உதவித்தொகை கேட்கலாம் என்று ஒரு தீர்ப்பு இருந்தது. புதிய ஒழுங்குமுறையின் கீழ் அது இனிச் செல்லாது என்று 2013 ஏப்ரல் 11 அன்று ஜெல்டஸ் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கைக் கொண்டுவந்தவர்களும் நெதர்லாந்தில் வேலை செய்து பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் குடியிருந்தவர்களே.

அப்படியானால் நீங்கள் எல்லைப்புறத் தொழிலாளியா? இங்கே எனக்கு உறுதி இல்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஒருவரின் வாழ்க்கை மையம் எங்கே இருக்கிறது என்பதே அளவுகோல். எவ்வளவு காலம் தொடர்ந்து எங்கே இருந்தார், குடும்பம் எங்கே, வீடு எவ்வளவு நிலையானது, வேலையின் தன்மை என்ன, வரிக்கு எந்த நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுகிறார் என்பவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது 987/2009 என்ற செயலாக்க ஒழுங்குமுறையின் 11-ஆம் பிரிவு. மனைவி டுசல்டார்ஃபில் இருப்பது ஒரு பக்கம் இழுக்கிறது. ஐன்ட்ஹோவனில் உங்கள் பெயரில் வாடகை வீடு, நகராட்சிப் பதிவு, நான்கரை ஆண்டு வரிக்கணக்கு ஆகியவை மறுபக்கம் இழுக்கின்றன. வாரத்தில் ஐந்து இரவு தங்கும் வீட்டை வெறும் தங்குமிடம் என்று காட்டுவது எளிதன்று. டுசல்டார்ஃப் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் தொடக்கத்திலிருந்தே இருந்து, அங்கேயும் நீங்கள் பதிவு செய்யப்பட்டிருந்தால் நிலைமை மாறலாம்.

ஜெர்மன் உதவித்தொகை 12 மாதம்வரை நீளக்கூடியது என்பதால் இந்த வழி கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அனுமதி அட்டையோடு வாழும் ஒருவருக்கு இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உங்கள் நெதர்லாந்து அனுமதி, நீங்கள் அந்த நாட்டில்தான் வசிக்கிறீர்கள் என்ற அடிப்படையில் தரப்பட்டது. முதன்மை வசிப்பிடத்தை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்டவரின் அனுமதியைத் திரும்பப் பெற அங்கே சட்டம் இடமளிக்கிறது. காப்பீட்டு அலுவலகத்தில் "நான் ஜெர்மனியில்தான் வசித்தேன்" என்றும் குடியேற்றத் துறையில் "நெதர்லாந்தில்தான் வசித்தேன்" என்றும் எழுதிக் கொடுத்தால், இரண்டு வாக்குமூலங்களில் ஒன்று உங்களுக்கு எதிராகவே திரும்பும். எது உண்மையோ அதை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி சொல்லுங்கள். அதிகத் தொகை எங்கே கிடைக்கும் என்று பார்த்துக் குடியிருப்பைத் தீர்மானிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் வேலை தேடும்போது அங்கே ஒரு வேலை கிடைத்து, எதிர்பாராத விதமாக அது சில மாதங்களில் முடிந்துபோனால், அப்போது கடைசிக் காப்பீடு ஜெர்மனியுடையது ஆகிவிடுகிறது. உங்கள் நெதர்லாந்துக் காலம் முழுவதும் அதோடு கூட்டப்படும். 24 மாதக் காப்பீடு இருந்தால் 12 மாதம்வரை உதவித்தொகை என்பது 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஜெர்மன் கணக்கு. கூட்டினால் நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். கூட்டலுக்கான சான்று யூ1 ஆவணம். அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், அலுவலகங்கள் மின்னணு வழியில் ஒன்றையொன்று கேட்டுப் பெறும். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆனதைப் பார்த்திருக்கிறேன். நெதர்லாந்தை விட்டுப் புறப்படும் முன்பே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டப்படுவது காலம் மட்டுமே, ஊதியம் அன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 62-ஆம் பிரிவின்படி தொகையைக் கணக்கிடும் நாடு தன் சட்டத்தின் கீழ் பெற்ற கடைசி ஊதியத்தை மட்டுமே பார்க்கும். ஐன்ட்ஹோவனில் மாதம் 4,500 யூரோ வாங்கியவர் டுசல்டார்ஃபில் 3,000 யூரோ வேலையில் சேர்ந்து அதை இழந்தால், கணக்கு 3,000 யூரோவிலிருந்துதான் தொடங்கும். அதற்குரிய நிகர ஊதியத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம். ஜெர்மனியில் மிகச் சில வாரங்கள் மட்டும் வேலை பார்த்தவர்களுக்கு அந்த உண்மையான ஊதியத்தை விட்டுவிட்டு, தகுதியின் அடிப்படையில் ஒரு கற்பனை ஊதியத்தை வைத்துக் கணக்கிடும் வழக்கம் இருந்தது. ஸ்விட்சர்லாந்தில் வேலை செய்து வந்து, பின் ஜெர்மனியில் ஒரு மாதத்துக்கும் குறைவாகப் பணிபுரிந்த ஒருவரின் வழக்கில், 2020 ஜனவரி 23 அன்று நீதிமன்றம் அதைத் தடுத்து, கடைசியாகப் பெற்ற உண்மையான ஊதியத்தையே கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. முதல் ஜெர்மன் வேலையின் சம்பளம் உங்களுக்கு நன்மையாகவும் முடியலாம், பாதகமாகவும் முடியலாம். மினிஜாப் என்னும் சிறு வேலைகளுக்கு வேலையின்மைக் காப்பீடு கிடையாது என்பதால் அவை இந்தக் கூட்டலுக்கு உதவா. சேர்ந்த வேலையை நீங்களே தக்க காரணமின்றி விட்டால் பொதுவாக 12 வாரத் தடை விதிப்பார்கள். உரிமையை உண்டாக்குவதற்காகவே பெயரளவில் ஒரு வேலையைக் காட்டும் யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது மோசடியாகவே கருதப்படும்.

உங்கள் கடவுச்சீட்டு இதில் எங்கே வருகிறது என்றால், 1231/2010 என்ற ஒழுங்குமுறை 2011 ஜனவரி 1 முதல் இந்த விதிகளை, ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் மற்ற நாட்டுக் குடிமக்களுக்கும் நீட்டித்திருக்கிறது. ஒரே நிபந்தனை, அவர்களுடைய நிலைமை ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பு நாடுகளைத் தொட வேண்டும். நெதர்லாந்து, ஜெர்மனி இரண்டும் இதற்குள் அடங்கும். டென்மார்க் அடங்காது, ஸ்விட்சர்லாந்து, நார்வே ஆகியவற்றோடு உள்ள உடன்பாடுகளும் இந்தியக் குடிமகனை இந்த வகையில் உள்ளடக்குவதில்லை. இதை இலங்கைத் தமிழர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்: ஓர் உறுப்பு நாட்டில் வசிக்கும் அங்கீகரிக்கப்பட்ட அகதிகளை மூல ஒழுங்குமுறையே நேரடியாக உள்ளடக்குகிறது, ஐரோப்பியக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பிரிட்டனைப் பொறுத்தவரை, 2021-க்குப் பின் எல்லை கடந்தவர்களுக்குக் காலத்தைக் கூட்டும் ஏற்பாடு உடன்பாட்டில் இருக்கிறது. உதவித்தொகையை எடுத்துச் செல்லும் ஏற்பாடு அதில் இல்லை.

ஆனால் 1231/2010 உங்களுக்கு ஜெர்மனிக்குள் நுழையவோ, தங்கவோ, வேலை செய்யவோ எந்த உரிமையும் தருவதில்லை. யூ2 ஆவணம் கையில் இருந்தும், வேலை செய்ய அனுமதிக்கும் ஜெர்மன் வசிப்பிட அனுமதி இல்லையென்றால் டுசல்டார்ஃப் அலுவலகம் உங்களை வேலை தேடுபவராக ஏற்க மறுக்கலாம். ஏற்காவிட்டால் நெதர்லாந்துத் தொகையும் நின்றுவிடும். கால அளவுகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. உயர்திறன் பணியாளர் அனுமதியில் இருப்பவருக்கு வேலையிழந்தபின் நெதர்லாந்தில் புதிய வேலை தேட மூன்று மாத அவகாசம்தான் உண்டு. உயர்தகுதிப் பணியாளருக்கான ஐரோப்பிய அனுமதியான புளூ கார்டு என்றால், 2021-இல் வந்த ஐரோப்பிய நெறிமுறைப்படி, அட்டையை இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு மூன்று மாதமும் அதற்கு மேல் வைத்திருப்பவருக்கு ஆறு மாதமும் வேலையின்றி இருக்கலாம். நான்கு வாரக் காத்திருப்பும் மூன்று மாத வெளிநாட்டுக் காலமும் சேர்ந்தாலே மூன்று மாதத்தைத் தாண்டிவிடும். ஆகவே மனைவியின் அனுமதியின் அடிப்படையில் குடும்பத்தோடு சேர்வதற்கான ஜெர்மன் அனுமதிக்கு நீங்கள் இப்போதே விண்ணப்பிப்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல்படி. நீண்டகால வசிப்பாளர் தகுதிக்கு வேண்டிய ஐந்து ஆண்டு நிறைய இன்னும் ஆறு மாதமே இருக்கிறது என்பதால், நெதர்லாந்திலேயே அடுத்த வேலை கிடைக்கும் வாய்ப்பு இருந்தால், அந்தத் தகுதியை அடைந்தபின் நகர்வது நல்லதா என்பதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, முடிந்து ஒரு வாரம்வரை யூடபிள்யூவியில் விண்ணப்பிக்கலாம். அந்த இடைவெளியைத் தவறவிடாதீர்கள். விண்ணப்பத்தில் வார இறுதிகளில் டுசல்டார்ஃப் போய்வந்ததை மறைக்காமல் எழுதுங்கள்; பொறுப்பு யாருடையது என்பதை அவர்கள் எழுத்தில் முடிவு செய்யட்டும். "இது ஜெர்மனியின் பொறுப்பு" என்று அவர்கள் மறுத்தால் அந்தக் கடிதமே ஜெர்மன் அலுவலகத்தில் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆவணம். கவுண்டரில் வாயால் சொன்ன மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். நெதர்லாந்தில் முடிவை எதிர்க்க ஆறு வாரமும் ஜெர்மனியில் ஒரு மாதமும் அவகாசம் உண்டு. அந்த நாட்கள் எழுத்து வடிவிலான முடிவிலிருந்துதான் ஓடத் தொடங்கும். இரு நாடுகளும் ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டி இரண்டும் மறுத்தால், சால்விட் என்ற கட்டணமில்லாத ஐரோப்பிய ஏற்பாட்டில் முறையிடலாம். ஆனால் அங்கே முறையிடுவதால் மேல்முறையீட்டுக் காலம் நின்றுவிடாது. எதிர்ப்பு மனுவை உரிய நாளுக்குள் தனியாகக் கொடுத்துவிட்டு அங்கே போங்கள்.